பாதியில் எழும்பிய சாப்பாடு

யோகமலரை ஓர் இடத்தில் இருத்தி வைப்பதென்றால் கட்டித்தான் போட வேண்டும். ஸ்காபரோவில் எங்கள் கட்டடத்தின் பன்னிரண்டாம் மாடியில் அவள் வீடு, நேர் கீழே பதினோராம் மாடியில் நாங்கள். காலையில் சம்பூ போத்தல்களுக்கு மூடி போடும் தொழிற்சாலைக்குப் போய், பின்னேரம் வந்து, அதற்குப் பிறகும் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருப்பாள். அந்த நடை முழுவதும் எங்கள் தலைக்கு மேலேதான். தொண்ணூற்றாறாம் ஆண்டு கோடையில் அது இன்னும் மோசமானது. என் மனைவி பேர்ணடெற் முகட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

ஆனி மாதம் ஒருநாள் யோகமலரே ஒரு வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு கீழே வந்தாள்.

"பஸ்ரியன் அண்ணை, அடுப்பு உள்ள வாகனம் ஓடுவியளோ?"

நான் பாண் சுடும் கம்பனியில் வான் ஓட்டுகிறேன். அதனால் எங்கள் கட்டடத்தில் யார் வீடு மாறினாலும், யாருக்குக் கட்டில் ஏற்ற வேண்டியிருந்தாலும் என் கதவைத்தான் தட்டுவார்கள். அடுப்புள்ள வாகனம் யாரும் கேட்டதில்லை. அவள் சொன்னது ஆர்.வி.யை. கட்டில், கக்கூஸ், சமையல் மேடை எல்லாம் வைத்து, ஓய்வு பெற்ற வெள்ளைக்காரர் ஏரிக்கரைகளுக்கு ஓட்டிப் போகும் வீட்டு வண்டி. ஓகஸ்ட் நீண்ட வார இறுதிக்கு அதை வாடகைக்கு எடுத்து, கிழக்கே நாலைந்து மணித்தியாலம் போய், செயின்ட் லோரன்ஸ் ஆற்றில் இரோகுவா என்ற ஊரில் உள்ள லொக்கையும் அணைக்கட்டையும் பார்க்க வேண்டுமாம். லொக் என்றால் இரண்டு பக்கமும் கதவு போட்ட ஒரு தொட்டி. கப்பலை உள்ளே விட்டு, தண்ணீரை ஏற்றி இறக்கி, அடுத்த மட்டத்துக்கு அனுப்புவார்கள்.

எங்கள் சனம் விருந்தாளி வந்தால் நயாகராவுக்குப் போகும், படம் எடுக்கும், திரும்பி வரும். கப்பல் ஏறி இறங்குவதைப் பார்க்க யாராவது வீட்டையே இழுத்துக்கொண்டு போவார்களா? அப்படித்தான் கேட்டேன். அவள் வரைபடத்தை விரித்து, ஆற்றின் மேல் அடிமட்டத்தை வைத்து அளந்தாள்.

"இந்த இடத்திலதான் ஆறு ஒடுக்கம்."

அதற்குப் பிறகு அவள் செய்த அலுப்பைச் சொல்லி முடியாது. பதினாறு வயது மகள் சுபாங்கியைக் கொண்டு கிழமைக்கு ஒருதடவை லொக் அலுவலகத்துக்கு ரெலிபோன் எடுப்பித்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கப்பல் வருமா வராதா என்பதுதான் கேள்வி. கப்பல் வரும் நேரத்தை ஒன்றரை மாதத்துக்கு முன்னால் சொல்ல முடியாது என்று அவர்களும் ஒவ்வொரு கிழமையும் பொறுமையாகச் சொன்னார்கள். "அம்மா, they're going to block our number," என்று பிள்ளை அழாக்குறையாக நின்றது. யோகமலர் கேட்கவில்லை. படுக்கைக்கு எத்தனை தலையணை, அடுப்புக்கு எவ்வளவு காஸ் என்று என்னையும் விடாமல் பிய்த்தாள். தராசு மாதிரி ஒவ்வொரு நாளும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். இன்றைக்குப் போவோம் என்பாள், நாளைக்கு வேண்டாம் என்பாள், அடுத்த நாள் காலையில் எத்தனை மணிக்கு வெளிக்கிடுவது என்று வந்து நிற்பாள்.

ஒரு சனிக்கிழமை அவள் வீட்டுப் பல்கணிக்கு என்னைக் கூப்பிட்டாள். கையில் புதிதாக வாங்கிய பைனாகுலர். தூரத்தில் பிளாசாவின் கார்த் தரிப்பிடத்தில் அவளுடைய புருஷன் சச்சிதானந்தன் சிவப்புச் சட்டையோடு தனியே நின்றார். அதிகம் வாய் திறக்காத மனிதர். நிற்கச் சொன்னால் நிற்பார். பிறகு பையில் இருந்து ஒரு பணிசை எடுத்துக் கடிக்கத் தொடங்கினார்.

"கை வாய்க்குப் போறது வடிவாத் தெரியுது," என்றாள் யோகமலர்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. அந்த மனிதரை நடு வெயிலில் நிற்க வைத்துப் பணிஸ் தின்னச் சொல்லிப் பார்ப்பது என்ன விளையாட்டு, சொல்லாவிட்டால் வண்டியும் இல்லை, ஓட்டுநரும் இல்லை என்று கத்தினேன். அப்போதுதான் சொன்னாள்.

ஆற்றின் அந்தக் கரை அமெரிக்கா. அவளுடைய ஒரே தம்பி வாகீசன் நியூஜெர்சியில் இருக்கிறான். அங்கே அவனுடைய அகதி வழக்கு முடியவில்லை. வெளியே கால் வைத்தால் திரும்பிப் போக முடியாது. இவள் விசாவுக்கு இரண்டு தரம் போய் இரண்டு தரமும் வெறுங்கையோடு வந்தவள். பதினொரு வருடமாக ஆளையாள் காணவில்லை. இது எனக்கு ஓரளவு தெரிந்த கதை. தெரியாதது அதற்கு முந்தியது.

எண்பத்தைந்தில், ஊரில், தகப்பன் படுக்கையில். யோகமலர் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலைக்கு நின்று வீட்டைப் பார்த்தாள். பத்தொன்பது வயதுத் தம்பி வேலையில்லாமல் சுற்றினான். ஒருநாள் பிந்தி வந்து, சோறும் பருப்பும் கத்தரிக்காயும் சாப்பிட உட்கார்ந்தவனிடம், நேரத்துக்கு வந்து தின்ன மட்டும் தெரிகிறது என்று சொல்லிவிட்டாள். அவன் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பினான். அடுத்த நாள் விடிய கொழும்பு பஸ் ஏறினான். அங்கிருந்து ஜெர்மனி, பிறகு அமெரிக்கா.

"சோத்தில இருந்து எழுப்பிப்போட்டன் அண்ணை. அவன் பாதியும் சாப்பிடேல்லை."

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தம்பியோடு ரெலிபோனில் பேசுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். குளிர், வேலை, வழக்கு எல்லாம் கேட்பாள். நாங்கள் யாரோடு பேசினாலும் முதலில் வாயில் வருகிற 'சாப்பிட்டியா' மட்டும் அவள் வாயில் வந்ததில்லை. அதைக் கேட்க முன்னம், அவன் சாப்பிட்டு முடிப்பதை அவள் தன் கண்ணால் பார்க்க வேண்டும். அவன் சாப்பிடுகிற அதே நேரம் இந்தக் கரையில் அவனுக்கென்று சுடச்சுட ஒரு கோப்பை போட வேண்டும். அடுப்புள்ள வாகனம் அதற்குத்தான். நான் கத்தியதற்கு வெட்கப்பட்டேன். வெட்கத்தை மறைக்க, சச்சிதானந்தனை மேலே வரச் சொல்லும்படி இன்னொருமுறை கத்தினேன்.

கடைசிக் கிழமை அவள் தம்பிக்குச் சொன்னது எனக்கு முன்னால்தான். மத்தியானம் பன்னிரண்டு, அணைக்கட்டின் அக்கரைத் தலைப்பு, சிவப்புச் சட்டை. சாப்பாடு கட்டிக்கொண்டு வர வேண்டும், சோறும் பருப்பும். அதற்கு அவன் கேட்டது ரெலிபோனுக்கு வெளியேயும் கேட்டது.

"கத்தரிக்காயும் வேணுமோ அக்கா?"

யோகமலர் ஓம் என்று மட்டும் சொல்லி, ரெலிபோனைச் சுபாங்கியிடம் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

சனிக்கிழமை வெளிக்கிட்டோம். பேர்ணடெற் முன்னால் இருந்து செபமாலை உருட்டினாள். அந்த வண்டி காற்றடித்தால் அடுத்த பாதைக்குப் போகப் பார்த்தது. ஞாயிறு காலை பத்து மணிக்கே ஆற்றங்கரையில் நின்றோம். ரெலிபோன் இல்லை, அவன் புறப்பட்டானா என்று கேட்க வழியில்லை. யோகமலர் சமைத்தாள், இறங்கி ஓடிப் பார்த்தாள், திரும்பவும் ஏறிப் பருப்பைத் துழாவினாள். பன்னிரண்டானது. அக்கரையில் மரமும் கல்லும்தான். பன்னிரண்டரையானது. வாகனம் பழுதாகியிருக்கும் என்று சச்சிதானந்தன் சொன்னார். அந்த வருடம் அவர் சொன்ன முதல் வசனம் அதுவாகத்தான் இருக்கும்.

அந்த நேரம் பார்த்து லொக்கின் கதவு திறந்து கப்பல் வெளியே வந்தது. ஒரு தெரு நீளம் இருக்கும். அது அசைகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. அக்கரையை முழுதாக மறைத்துக்கொண்டு ஊர்ந்தது. கப்பலில் இருந்த ஒருவன் எங்களைப் பார்த்துச் சந்தோஷமாகக் கை காட்டினான். யோகமலர் அவனுக்கு என் வாயால் சொல்லக்கூடாத ஒன்றைச் சொன்னாள்.

கப்பலின் வால் விலகியபோது கல்லுக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு பொட்டுத் தெரிந்தது.

அவள் பைனாகுலரைக் கண்ணோடு அழுத்திக்கொண்டாள். தலைமயிர் கொட்டிப்போச்சு என்றாள். சுபாங்கி இரண்டு கையாலும் அசைத்தாள், அந்தச் சிவப்பும் அசைந்தது. பிறகு அது பதிந்து உட்கார்ந்தது. யோகமலர் ஒரு கோப்பையில் சோறும் பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் எங்களைப் போடச் சொல்லி, ஆற்றைப் பார்க்கத் தரையில் வைப்பித்தாள். கண்ணை எடுக்காமலே எல்லாம் சொன்னாள்: பொதி அவிழ்க்கிறான், குழைக்கிறான், வாயில் வைக்கிறான்.

கொஞ்ச நேரத்தில் அவளுடைய முகம் வெளிறியது.

"எழும்பீட்டான்."

அவன் காரடிக்குப் போனான். அவள் பைனாகுலரால் அவனை விடாமல் பின்தொடர்ந்தாள். திரும்பி வந்தபோது அவன் கையில் ஒரு சட்டி. கல்லடியில் உட்கார்ந்து இன்னும் சோறு போட்டுக்கொண்டான்.

இரண்டாந்தரமும் ஆறுதலாகச் சாப்பிட்டான். எங்கள் பக்கத்துச் சோறு ஆறிப்போனது. முடிந்ததும் கடதாசியைச் சுருட்டி வைத்துவிட்டு, ஆற்றங்கரைக்கு இறங்கிக் குந்தியிருந்து, தண்ணீரில் கை கழுவினான். அதைப் பைனாகுலர் இல்லாமலே நானும் கண்டேன்.

யோகமலர் பைனாகுலரை இறக்கினாள். கூப்பிடவில்லை, கத்தவில்லை. பக்கத்தில் இருக்கிறவனிடம் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

"சாப்பிட்டியோடா?"

பிறகு தரையில் இருந்த கோப்பையை எடுத்து, நடக்காமல், ஓடாமல், அந்த இடத்திலேயே உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினாள்.