காக்கா வெளியே வந்து உட்கார்ந்த கூட்டம்

என் கையெழுத்து கோழிக் கிறுக்கல். ஐந்தாவதோடு நின்றவன், எழுத்துப் பிழையும் இருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

போன வாரம் இங்கே, ஹூஸ்டன் பக்கத்தில், நாள் முழுக்க மழை. தெருவில் தண்ணீர் நிற்கவில்லை. கராஜிலிருந்து ஈர அட்டைப்பெட்டி வாசனை மட்டும் வந்தது. அது வந்தாலே எனக்குக் காக்காவின் மளிகைக்கடை ஞாபகம்தான்.

கீழக்கரைக்காரர். எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம். இதே பகுதியில் இருந்த அவர் கடையில் நான் கறி வெட்டினேன். பெரிய மழை வந்தால் அந்தத் தெருவில் முழங்கால் வரை தண்ணீர். அரிசி மூட்டைகளை மேலே ஏற்றுவோம். அப்படி ஏற்றிக்கொண்டிருந்தபோதுதான், "சிட்டி கவுன்சிலுக்கு ரன் பண்ணப் போறேன்டா" என்றார்.

ஓட்டுக் கேட்க வெறுங்கையோடு போவது அவருக்கு ஆகாது. சமோசாத் தட்டைத் தூக்க என்னைக் கூட்டிப்போவார். கதவைத் திறப்பவர்கள், நாங்கள் ஆர்டர் செய்யவில்லையே என்று மூடிவிடுவார்கள். நான் கூச்சத்தில் தட்டுக்குப் பின்னால் ஒளிவேன். ஆறடி ஆள் எப்படி ஒளிவது என்று கேட்காதீர்கள். அவர் மறுபடி பெல் அடிப்பார். தண்ணீர் வடிய வழி செய்கிறேன் என்ற ஒன்றைத்தான் சொன்னார். ஜெயித்தும்விட்டார்.

மழைநீருக்குக் குளம் வெட்ட வேண்டும் என்றார்கள் என்ஜினியர்கள். பள்ளமான இடம் இரண்டுதான். ஒன்றில் நாலு வீடுகள். இன்னொன்றில் எங்கள் கடை. சொந்த இடம் என்பதால், எது என்று முடிவு செய்யும் கவுன்சில் கூட்டத்தில் காக்கா ஓட்டுப் போடக் கூடாது, அறையிலேயே இருக்கக் கூடாது. முந்தின நாள் இன்னொரு கவுன்சிலர் கடைக்கே வந்து, நீங்கள் தலையசைத்தால் போதும், வீடுகள் பக்கம் வெட்டிவிடலாம் என்றார். காக்கா அவருக்கு டீ கொடுத்தார். தலையை மட்டும் அசைக்கவேயில்லை. நம் ஆள் தலையாட்டினால் ஆமாவா இல்லையா என்று இந்த ஊர்க்காரர்களுக்குப் புரியாது, அது வேறு.

மறுநாள் கூட்டம் நடக்கும்போது வெளியே வந்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல காக்கா? நம்ம பொழப்பு போகுதே."

"அந்த நாலு வீட்லயும் நீதானடா சமோசா நீட்டுனே. இப்ப போய் என்னன்னு சொல்லுவே?"

கதவு திறந்தது. குளத்துக்குக் கடை இருந்த இடமே முடிவாகியிருந்தது.

வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி சொன்னார்: "ஓட்டுப் போட்டவங்கள்ல பாதிப் பேரு நம்ம கடைவாசல மிதிச்சதில்ல. அவங்களுக்குத் தூக்கிக் குடுத்துட்டு வந்து நிக்கிறீங்க."

"சோறு இருக்கா?" என்றார் காக்கா.

வேறு இடத்தில் கடை வைக்கப் பார்த்தார், உடம்பு ஒத்துழைக்கவில்லை. நியூ ஜெர்சியில் மகள் வீட்டுக்குப் போனார். போன மாதம் அங்கேயே அடக்கம் செய்தார்கள்.

நான் இப்போது பெரிய கடையொன்றின் பின்கட்டில் கறி வெட்டுகிறேன். பிளாஸ்டிக் தட்டில் வைத்து அனுப்பிவிட வேண்டியது. யார் வீட்டுக்கு என்று தெரியாது. ஜும்மாத் தொழுகை முடிந்து வந்து, "நெஞ்சுக்கறியாப் போடு தம்பி, மாப்ள வர்றாரு" என்று சொல்பவர்கள் யாரும் இல்லை.

அக்டோபர் 12, ஞாயிற்றுக்கிழமை.