வெள்ளிக்கிழமை சொன்னது ஞாயிற்றுக்கிழமை மைக்கில்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மும்பையில் மழை பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. தாராவியில் ஒரு தோல் பட்டறைக்கு மேல் மாடியில்தான் எங்கள் சபை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் பாய் விரித்து உட்கார்ந்தால் நடுவில் நடக்க இடம் இருக்காது. அந்தச் சின்ன இடத்துக்கு எதற்கு அவ்வளவு பெரிய மைக் என்று நான் பலமுறை முணுமுணுத்திருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்ததும் பெண்கள் ஒவ்வொருவராகப் பாஸ்டர் முன்னால் முழங்கால் போட்டு, மனதில் உள்ள பாரத்தை மெல்லச் சொல்ல வேண்டும். அவர் தலையில் கை வைத்து ஜெபிப்பார். புருஷன் குடி, மாமியார் கொடுமை, பிள்ளை இல்லாத வேதனை எல்லாம் அந்தப் பாயில்தான் இறங்கும். பெற்ற தாயிடம்கூடச் சொல்லாததை அவரிடம் சொல்லுவோம்.

என் பக்கத்து வீட்டுப் பெண்ணும் அப்படித்தான் சொன்னாள். என்னைவிட ரொம்பச் சின்னவள், தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். நான் வீட்டில் பிளவுஸ் தைப்பவள். மே மாத வெயிலில் ஒரு நாள் வந்து, முழங்கைக்குக் கீழே இறக்கிக் கை வைத்துத் தரும்படி கேட்டாள். அளவெடுக்கத் தொட்டபோது வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். அன்றுதான் அவள் புருஷன் அடிக்கிற விஷயம் எனக்குத் தெரிந்தது. வெளியே அவனைப் போல சாது உண்டா! என்னைப் பார்த்தால் தலை குனிந்து, "நல்லாருக்கீயளாக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவான்.

மும்பைக்கு வெளியே கல்யாண் என்ற ஊரில் அவளுடைய கூடப்பிறந்த அக்கா இருக்கிறாள். திங்கட்கிழமை அவன் வேலைக்குப் போனதும் மகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போய்விடுவதாகத் திட்டம். இரண்டு பேருக்கும் வேண்டிய துணிமணி ஒரு பையில் என் கட்டிலுக்கு அடியில் இருந்தது. அவளைத் தவிர எனக்கு மட்டும்தான் தெரியும். வெள்ளிக்கிழமை ஜெபம் முடிந்து இறங்கும்போது, "பாஸ்டர்ட்டயும் சொல்லிட்டேன்க்கா. இப்பந்தான் மனசு லேசாச்சு" என்றாள். நல்லதுதான் என்று நானும் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாடி ஏறினால், ஆண்கள் பக்கம் முதல் வரிசையில் அவள் புருஷன் உட்கார்ந்திருக்கிறான்! பண்டிகைக்குக்கூடச் சபைப் பக்கம் தலைகாட்டாதவன். சனிக்கிழமை பாஸ்டரே போன் போட்டு அழைத்தாராம். தங்கச்சி முகத்தில் ரத்தமே இல்லை.

பிரசங்கத்தின் நடுவே பாஸ்டர் கண்களை மூடினார். கையை உயர்த்தினார். கர்த்தரிடமிருந்து வெளிப்பாடு வந்தால் அவர் அப்படித்தான் செய்வார்.

"இந்தக் கூட்டத்துல ஒரு சகோதரி இருக்கா. புருஷனை விட்டுட்டு ஓடிப்போக ஆயத்தமா இருக்கா. துணிப்பையை அடுத்த வீட்டுல ஒளிச்சு வச்சிருக்கா. மகளே, போகாதேன்னு கர்த்தர் சொல்றார்!"

சபையே அல்லேலூயா என்றது. தங்கச்சி என் விரல்களைப் பிடித்து நசுக்கினாள். அவள் புருஷன் எழுந்து, தேம்பித் தேம்பி அழுதுகொண்டே பாஸ்டர் காலடியில் விழுந்தான். பாஸ்டர் அவனைத் தூக்கிக் கட்டிக்கொண்டார். பெண்களெல்லாம் கண்ணைத் துடைத்தார்கள். நான் மட்டும் அவன் கண்ணைப் பார்த்தேன். அதில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது.

ஆராதனை முடிந்ததும் ஒரு கையில் மகளையும் இன்னொரு கையில் அவளையும் பிடித்துக்கொண்டு நடந்தான். பார்த்தவர்கள், என்ன அன்பு என்றார்கள். நான் பின்னாலேயே ஓடினேன். நான் சந்துக்குள் நுழைவதற்குள் அவன் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

எங்கள் சந்தில் பகலில் யாரும் கதவைச் சாத்தமாட்டோம். சாத்தினால் உள்ளே வெந்துபோவோம். போதாததற்கு டிவியில் பாட்டை அலற விட்டிருந்தான். கதவைத் தட்டினேன். லேசாகத் திறந்து தலையை மட்டும் நீட்டினான்.

"குடும்ப ஜெபம் பண்ணிக்கிட்டு இருக்கோம்க்கா. பெறவு வாங்க." உடனே கதவு மூடியது.

பாஸ்டருக்குப் போன் போட்டேன். ஒரு எட்டு வந்துவிட்டுப் போங்கள், அவன் ஏதாவது செய்துவிடுவான் என்று கெஞ்சினேன். "சிஸ்டர், கர்த்தர் கிரியை செய்யும்போது நாம குறுக்க நிக்கக்கூடாது" என்று சொல்லி வைத்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் போனை உடைத்திருப்பேன்.

சபைப் பெண்கள் இரண்டு மூன்று பேர் அந்த வழியாக வந்தார்கள். கூப்பிட்டேன். ஆண்டவரே பேசிவிட்டார், இனி பயமில்லை என்றார்கள். எங்கிருந்துதான் எனக்கு அந்தச் சத்தம் வந்ததோ!

"ஏட்டி, ஆண்டவரா சொன்னாரு? வெள்ளிக்கெழமை இவ அவர்ட்ட சொன்னதுதான் இன்னைக்கு மைக்ல வந்துச்சு! அந்தப் பை எங்க வீட்டுலதான் கெடக்கு!"

வந்தவர்களில் சபையில் பாட்டு நடத்துகிற பெண் மெதுவாக வாயைத் திறந்தாள். "எங்க வீட்டுக்காரவுக குடிக்கிறதயும் நாந்தான் அவர்ட்ட சொன்னேன். அவுக மொதநாள் வந்தப்ப அது அப்படியே வெளிப்பாடா வந்துச்சு. அவுக மனந்திரும்பிட்டாவளேன்னு நான் வெளிய சொல்லல." பக்கத்தில் நின்றவள், "நானும்தான்" என்றாள். எனக்கும் தூக்கிவாரிப்போட்டது. என் வீட்டுக்காரரைப் பற்றி நான் சொன்னதும் அப்படித்தான் மைக்கில் வந்தது. நம் வீட்டுக்கு மட்டும் கர்த்தர் இந்த வழியில் இரங்கினார் என்று ஒவ்வொருத்தியும் நன்றியோடு வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறோம்.

அதற்குள் டிவி சத்தத்தையும் மீறி உள்ளே ஏதோ விழுகிற சத்தம் கேட்டது. குழந்தை வீல் என்று கத்தியது. மாவுஷி என்று நாங்கள் கூப்பிடும் எதிர் வீட்டு மராத்திக்கார அம்மா போலீசுக்குப் போன் போடச் சொன்னாள். பாட்டுக்காரப் பெண் போட்டாள். ஆனால் போலீஸ் இந்தச் சந்தைத் தேடிக் கண்டுபிடித்து வருவதற்குள் என்ன வேண்டுமானாலும் ஆகலாமே. இரும்புக் கதவு. தள்ளிப் பார்த்தோம், அசையவில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் நின்றபோதுதான், அவள் வாசலை ஒட்டி இருந்த குழாய் என் கண்ணில் பட்டது. சந்துக்கே அது ஒன்றுதான். சாயங்காலம் தண்ணீர் வரும். சில நாள் நேரம் தப்பியும் வரும். அப்போது விட்டுவிட்டால் மறுநாள் வரை குடிக்கச் சொட்டு கிடையாது.

அடிவயிற்றிலிருந்து கத்தினேன். "தண்ணி வந்துட்டு! பானி ஆயா! பானி!"

அவ்வளவுதான். சந்து முழுக்கக் கதவுகள் படபடவென்று அடித்துக்கொண்டன. டிரம், குடம், ரப்பர் குழாய் என்று கையில் கிடைத்ததோடு எல்லாரும் ஓடி வந்தார்கள். என் தங்கச்சி வீட்டுக் கதவும் திறந்தது. அவன்தான்! கையில் ரப்பர் குழாயோடு, நெற்றியில் வியர்வையோடு நிற்கிறான். பல வருடப் பழக்கம், தண்ணீர் என்றதும் கால் தானாக வந்திருக்கிறது.

மாவுஷி கதவுக்கும் நிலைக்கும் நடுவில் தன் டிரம்மைச் செருகினாள். நாங்கள் அவனை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போனோம். தங்கச்சி மூலையில் சுருண்டு கிடந்தாள். வலது மணிக்கட்டு கோணலாகத் திரும்பியிருந்தது. கழுத்தில் விரல் பதிந்த தடம். மகள் அவள் மேல் கவிழ்ந்து படுத்திருந்தாள். "சல், பாஹேர் யே", வா வெளியே என்று மாவுஷி குழந்தையை வாரி இடுப்பில் வைத்தாள். வெறும் குடங்களோடு சந்தே வாசலில் நிற்பதைப் பார்த்து அவன் குழாயைப் போட்டுவிட்டு ஓடினான்.

அந்த ஆபத்து தாண்டியது. ஆனால் நான் உடைந்துபோனது ஆஸ்பத்திரியில்தான். டாக்டரம்மா நல்ல மனுஷி. எங்களை எல்லாம் வெளியே அனுப்பிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, என்ன நடந்தது என்று அவ்வளவு கனிவாகக் கேட்டிருக்கிறார். வந்த போலீஸ்காரப் பெண்ணும் கேட்டாள். இருவரிடமும் தங்கச்சி ஒரே பதில்தான் சொன்னாள்: பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டேன்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஏன்ட்டி, பைத்தியமா உனக்கு? உண்மையச் சொல்லேன்!"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "யார்ட்ட சொன்னாலும் வெளிய வந்துரும்க்கா. சாமிகிட்ட சொன்னதே வந்துட்டு."

அவள் தலையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்றுவரை அவள் புகார் கொடுக்கவில்லை. மகளோடு கல்யாணில் அக்கா வீட்டில்தான் இருக்கிறாள். கை சேர்ந்துவிட்டது. அங்கே ஜெபிக்க வரும் பெண்களைப் பார்த்தால் எழுந்து உள்ளே போய்விடுகிறாளாம். என்னிடமும் முன்பு மாதிரிப் பேசுவதில்லை. போன் போட்டால், சாப்பிட்டேன், தூங்கினேன், அதோடு சரி.

சபை மூப்பர்களிடம் போய் நான் சண்டை போட்டேன். வெளியே பேசினால் ஊழியத்துக்குத்தான் கெட்ட பெயர் என்று என்னையே அடக்கினார்கள். ஒரு குடும்பத்தைச் சேர்த்து வைக்கத்தானே பார்த்தேன் என்றாராம் பாஸ்டர். சேர்த்து வைத்த லட்சணம்! கூட்டம் குறையக் குறைய, அவரும் வேறு பக்கம் போய்விட்டார். போன இடத்திலும் ஒரு வெள்ளிக்கிழமைப் பாய் விரித்திருப்பார் என்பதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

இப்போது வந்திருப்பவர் உண்மையிலேயே நல்ல மனிதர். வெள்ளிக்கிழமை ஜெபம் முடிந்ததும், ஏதாவது பாரம் இருக்கிறதா சகோதரிகளே என்று அமைதியாகக் கேட்கிறார். பாட்டு நடத்துகிற பெண்ணிலிருந்து எல்லாரும், "ஒண்ணுமில்ல பாஸ்டர், நல்லாருக்கோம்" என்று சேலையைத் தட்டிவிட்டு எழுந்துவிடுகிறோம். அவர் பாவம், நிஜமாகவே நன்றாக இருக்கிறோம் என்று நினைத்து ஸ்தோத்திரம் சொல்கிறார்.

முன்பெல்லாம் ஒரு பெண் "ஒண்ணுமில்லக்கா" என்று சொன்னால் நம்பிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். இப்போது அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பயமாக இருக்கிறது, ஏனென்றால் அதைத்தான் நானும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.