கீழ்ப் படுக்கை

பெர்லினில் அக்காவின் மகளுக்குக் கலியாணம். சூரிச்சிலிருந்து இரவு ரயிலில் போவதற்கு, என்ர வீட்டுக் குசினி மேசையில் லப்டொப்பை வைத்து ரிக்கெற் போட்டுக்கொண்டிருந்தன். கூட வாற அண்ணைக்கு முழங்கால் வருத்தம். அவருக்குக் கீழ்ப் படுக்கையைத் தெரிவுசெய்து படத்தைக் காட்டினன்.

"கீழ வேண்டாம். மேல போடு."

"இந்தக் காலோட ஏணி ஏறப்போறியளோ? எதைச் செய்தாலும் நொட்டைதான்!" என்று கத்திவிட்டன்.

அண்ணை படத்தில் படுக்கைக்கு அடியில் பெட்டி வைக்கிற இடத்தைத் தொட்டார்.

"அகதியா வரேக்க உதுக்குள்ளதான் ஒளிச்சுக் கிடந்தனான், தம்பி. கீழ படுத்தா, எனக்கு அடியில ஆரோ கிடக்கிறமாதிரியே இருக்கும்."

அப்படி வந்தவர்தான் பிறகு அம்மாவையும் என்னையும் பிளேனில் இஞ்ச கூப்பிட்டவர். நான் யன்னல் சீற்றுக்கு அடம்பிடித்து வந்தனான். "நீங்கள் எப்படி வந்தனீங்கள்?" என்று இத்தனை வருசத்தில் ஒருக்காலும் கேட்டதில்லை.

அன்றைக்கும் கேட்கேல்லை. கத்தினன், அதாலதான் சொன்னவர்.