குறை சொல்லாத இரண்டு வருஷம்

என் கணவர் பஸ் டிப்போவில் நேரம் குறிக்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எத்தனை நிமிஷம் தாமதம் என்று முப்பது வருஷம் எழுதினவருக்கு, வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் மூடாது. ரசத்தில் புளி அதிகம், ஜன்னல் கம்பியில் தூசி, ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில் குடியிருக்கும் மகன் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவதில் பத்து நிமிஷத் தாமதம். என் சமையலை நன்றாக இருக்கிறது என்று ஒரு தடவைகூட வாய் திறந்து சொன்னதில்லை. ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தால் அதுதான் பாராட்டு என்று நானாக எடுத்துக்கொண்டேன்.

எழுபது வயது தாண்டிய பிறகு அந்த வாய் ஓய்ந்தது. போட்டதைச் சாப்பிட்டார், பாதியை வைத்துவிட்டு எழுந்தார். செய்தித்தாள் மடிப்புக் கலையாமல் கிடந்தது. நான் எழுந்திருக்கும்போது, எனக்கு முன்பே விழித்து உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். வேஷ்டி இடுப்பில் நிற்கவில்லை. சர்க்கரை உடம்பு, வயசும் ஆகிறது, இளைக்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு சந்தோஷமாக இருந்தது. கரமனையில் எங்கள் தெருவில் சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுகள். அடுத்த வீட்டு மாமியிடம் வாசலில் நின்று பெருமையாகச் சொன்னேன்: "கல்யாணம் ஆனதுலேந்து இப்பத்தான் மாமி எனக்கு நிம்மதி. மனுஷர் பசு மாதிரி ஆயிட்டார்." நான் கொடுத்துவைத்தவள் என்றாள் மாமி. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மாதம் ஒரு முறை சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்க ஹெல்த் சென்டருக்குப் போவோம். அவர் நாற்காலியில் உட்காருவார். நான் பின்னால் சிகிச்சைப் புத்தகத்தோடு நிற்பேன். கேள்வி அவரிடம், பதில் என்னிடம். ஒரு தடவை அங்கிருந்த மலையாளி நர்ஸ் ஒரு தாளை எடுத்தாள். வயதானவர்கள் எல்லாரிடமும் கேட்கிறார்களாம். இரண்டு வாரமாக எதிலாவது ஆசை இல்லாமல் இருக்கிறதா, தூக்கம் வருகிறதா, வாழ்ந்து பிரயோஜனமில்லை என்று தோன்றுகிறதா என்றெல்லாம் அதில் இருந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் அவர் தலையைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தார். நீயே சொல்லு என்கிறார் என்று நினைத்தேன்.

"ஒரு கொழப்பமும் இல்லை. முன்னையவிட இப்பத்தான் சமத்தா இருக்கார்" என்று சிரித்தேன். நர்ஸும் சிரித்துக்கொண்டே தாளை முடித்தாள். அடுத்த வருஷமும் அதே தாள், அதே பதில், அதே சிரிப்பு.

அதற்கடுத்த வருஷம் அந்தத் தாளோடு வேறொரு நர்ஸ் வந்திருந்தாள். எல்லையோரம் பாறசாலைப் பக்கத்துத் தமிழ்ப் பெண். முதல் கேள்விக்கே நான் வாயைத் திறந்தேன். அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"அம்மா, நான் சார்கிட்டயாக்கும் கேட்டேன். கொறச்சு நேரம் வெளிய இருங்க."

எனக்குச் சுருக்கென்றது. என் புருஷனைப் பற்றி எனக்குத் தெரியாததா இவளுக்குத் தெரியப்போகிறது? வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, டாக்டரிடம் இவளைப் பற்றி என்ன சொல்லலாம் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். அரை மணி ஆயிற்று. கதவு திறந்தபோது அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். தன் அம்மா போனபோதுகூட அழாத மனுஷர்.

டாக்டர் எங்கள் மகனைவிடச் சின்னவள். இது மனச்சோர்வு என்கிற வியாதி, இங்கேயே வைத்தியம் பார்க்கலாம் என்றாள். நான் விடவில்லை. வயசானால் எல்லாரும் இப்படித்தானே இருப்பார்கள் என்றேன். "பிரஷரும் வயசானால்தான் அதிகம் வருகிறது. அதற்கு மாத்திரை வாங்கிக்கொண்டுதானே போகிறீர்கள்?" என்று அவள் மலையாளத்தில் அமைதியாகக் கேட்டாள். சிகிச்சைப் புத்தகத்தை அவள் முன்னால் வைத்தேன்.

தினம் ஒரு மாத்திரை. பலன் தெரிய சில வாரம் ஆகும், நடுவில் நிறுத்தக் கூடாது. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வர வேண்டும். சாயங்காலம் நடக்க வேண்டும். நடுநடுவே அந்த நர்ஸே போன் பண்ணுவாள். "சார்கிட்ட கொடுங்கம்மா" என்பாள். கொடுத்துவிட்டு நகர்ந்துவிடக் கற்றுக்கொண்டேன். தெருவில் மட்டும் அது நரம்புக்கு மாத்திரை என்று சொல்லி வைத்தேன். அந்தப் பொய்க்கும் சேர்த்துத்தான் இப்போது வெட்கப்படுகிறேன்.

ஒரு மாதம் எந்த மாற்றமும் தெரியவில்லை. அதற்கப்புறம் செய்தித்தாள் மடிப்புக் கலைந்தது. இரண்டாம் மாத முடிவில் ஒரு நாள் மத்தியானம், இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"ரசத்துல புளி ஜாஸ்தி."

நான் அடுக்களைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அன்று சாயங்காலம் நடந்துவிட்டு பஸ் ஸ்டாப்பில் சற்று உட்கார்ந்தோம். அதுவரை கேட்கத் துணியாததைக் கேட்டேன். "ஏன்னா, ரெண்டு வருஷம். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா?"

வந்து நின்ற பஸ்ஸைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பஸ் போன பிறகுதான் பேசினார். அவர் குரலில் கோபமே இல்லை.

"அடுத்தாத்து மாமிகிட்ட நீ சொன்னது காதுல விழுந்தது. இப்பத்தான் நிம்மதியா இருக்குன்னு. சரி, நான் இப்படிக் கெடக்கறதுல ஒருத்தருக்காவது பிரயோஜனம் இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

நர்ஸ் தாளை வைத்துக்கொண்டு கேட்ட இரண்டு தடவையும் அவர் எதற்காக என் முகத்தைப் பார்த்தார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. இரண்டு தடவையும் நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.