வாரண்டி இல்லாத பென்ஸ்

ஜெர்மனிக்கு வந்த புதிதில் எனக்கு மொழி கற்றுக்கொடுத்தவை சனிக்கிழமைப் பத்திரிகையின் பழைய கார் விளம்பரங்கள்தாம். சின்னச் சின்ன வாக்கியங்கள், திரும்பத் திரும்ப வரும் சொற்கள், அகராதியை அதிகம் புரட்ட வேண்டாம். ஆனால் ஒன்று மட்டும் பிடிபடவே இல்லை. விற்கிறவனே தன் வண்டியின் குறையை முதல் வரியில் எழுதிவிடுகிறான். இடது கதவில் விரல் நீளத்துக்குக் கீறல், பின் இருக்கையில் நாய் படுத்த தடம், குளிர் காலத்தில் ரேடியோ கரகரக்கும் என்றெல்லாம். நான்தான் தப்பாகப் படிக்கிறேன் என்று நினைத்து மறுபடியும் அகராதியைத் திறந்தேன். அர்த்தம் சரியாகத்தான் இருந்தது. எங்கள் விருதுநகர் பஜாரில் மிளகாய் வற்றல் மூட்டை விற்க வந்தவர் 'அடியில் கொஞ்சம் சோடை வத்தல் கிடக்கு' என்று தாமாகச் சொன்னால், வாங்குகிறவர் மூட்டையைப் பார்க்க மாட்டார். சொன்னவருக்கு உடம்புக்கு ஏதும் சரியில்லையா என்றுதான் விசாரிப்பார்.

அப்படி வேடிக்கையாகப் படித்துக்கொண்டிருந்த விளம்பரங்களை ஒரு மார்கழியில் வாங்குகிறவனாகவே உட்கார்ந்து படிக்க வேண்டி வந்தது. நான் வேலை பார்ப்பது தென் ஜெர்மனியில் ஒரு சிறிய ஊரில், பழைய ஆப்செட் அச்சு இயந்திரங்களைப் பழுது நீக்கும் பட்டறையில். மனைவி மகேஸ்வரிக்கு அப்போது ஏழாம் மாதம். வீடு மேட்டில், பஸ் நிறுத்தம் பள்ளத்தில், ஆஸ்பத்திரி இரண்டு பஸ் தள்ளி. இடையில் பனி. தலைப் பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது ஊர் வழக்கம். ஆனால் எனக்கு வேறோர் ஆசை முளைத்திருந்தது. இங்கே தகப்பன்மாரைப் பிரசவ அறைக்கு உள்ளேயே விடுகிறார்கள். அவள் ஊருக்குப் போய்விட்டால், லீவு எல்லாம் தீர்ந்துபோன நான் பிள்ளையைப் படத்தில்தான் பார்ப்பேன். என் பிள்ளை முதன்முதலில் அழுகிற சத்தத்தை நான் நேரில் கேட்க வேண்டும். அதற்குமேல் எனக்கு அந்த வருஷத்தில் வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் மகேஸ்வரியின் அண்ணன் ராஜமணி மச்சான் வந்து இறங்கினார். சிவகாசியில் பட்டாசுக் கம்பெனிகளுக்கு லேபிள் அடித்துக் கொடுக்கும் அச்சகம் அவருடையது. ஒரு பழைய ஆப்செட் இயந்திரம் பார்க்க வந்தவர், திரும்பிப் போக, தங்கைக்கும் சேர்த்து, புதன்கிழமைக்கு இரண்டு டிக்கெட்டாகப் போட்டு வைத்திருந்தார். வந்த அன்றே தங்கையோடு பஸ் நிறுத்தம் வரை நடந்து பார்த்துவிட்டு வந்து, குல்லாயைக்கூடக் கழற்றாமல் தீர்ப்புச் சொன்னார்.

"வலி எடுத்தா என் தங்கச்சி அங்கன போயி பஸ்ஸுக்கு நிப்பாளா மாப்ளே? புதன்கெழமைக்குள்ள ஒரு காரு வாங்குங்க, இங்கனயே இருக்கட்டும். இல்லேன்னா நா கூட்டிட்டுப் போறேன்."

நியாயமான பேச்சு. எனக்கும் அதுதான் வேண்டும். சின்னதாக ஒரு கார் பார்க்கலாம் என்றேன். அவர் சம்மதிக்கவில்லை. வாங்குகிறது வாங்குகிறோம், பென்ஸாக வாங்கினால்தான் அம்மாவிடம் சொல்ல முடியுமாம். சிவகாசியில் பென்ஸ் போனால் அது எந்த முதலாளி, எந்தக் கல்யாணத்துக்குப் போகிறார் என்பதுவரை டீக்கடையில் சொல்லிவிடுவார்கள். இங்கே ரயிலடியில் வரிசையாக நிற்கும் டாக்ஸியெல்லாம் பென்ஸ்தான். அதைக் காட்டியதும் மச்சானின் முகம் சற்றுச் சுருங்கியது; ஊரில் இதைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கணக்கு மட்டும் அவர் பக்கம் இருந்தது. ஆறு வருஷம் ஓடிய பென்ஸின் விலைக்குத்தான் இங்கே புதிய நடுத்தரக் கார் கிடைக்கிறது. கடன் கொடுக்க வங்கியும் தயாராக இருந்தது.

முதலில் ஒரு வியாபாரியின் கார் முற்றத்துக்குப் போனோம். ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டி, பத்தொன்பதாயிரம் யூரோ, ஆனால் ஒரு வருஷம் வாரண்டி. வாரண்டி என்றதும் எனக்குத் தெம்பு வந்தது. வயிற்றுப் பிள்ளைக்காரியை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி வழியில் நின்றுவிடக் கூடாதே. மச்சான் வாரண்டியில் எதெல்லாம் சேராது என்று கேட்கச் சொன்னார். விற்பனையாளர் பொறுமையாக ஒவ்வொன்றாகச் சொன்னார். டயர் சேராது, பிரேக் கட்டை சேராது, பேட்டரி சேராது, விளக்கு சேராது, தேய்கிற எதுவும் சேராது. "தேயாதது கெட்டுப்போனாத்தான் தருவானா? தேயாதது எதுக்குக் கெட்டுப்போகப் போகுது?" என்று மச்சான் தமிழில் என்னைக் கேட்டார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. பட்டாசுக்கு எவன் வாரண்டி கொடுத்தான் என்பது அவர் வாதம். பெட்டிக்கு ஒன்று எடுத்துக் கொளுத்திப் பார்ப்பார்கள். அது வெடித்தால் மற்றதும் வெடிக்கும் என்று நம்பிக் காசைக் கொடுப்பார்கள். வெடித்துவிட்ட சரக்கைத் திருப்பிக் கொடுத்தவன் யாரும் கிடையாது. வாரண்டி இல்லாமல் விற்கிறவர்களைவிட இரண்டாயிரம் யூரோ கூடக் கொடுத்து ஒரு காகிதம் வாங்குவதற்கு அவர் மனம் ஒப்பவில்லை.

ஊரில் அவர் முதல் கார் வாங்கியபோதும் நான் கூடப் போயிருந்தேன். விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி முதலாளி வைத்திருந்த பழைய வெள்ளைக் கார். குடிக்கக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார், மழையைப் பற்றிப் பேசினார், சீசன் ஆர்டரைப் பற்றிப் பேசினார், கடைசியில் விலையைச் சொன்னார். மச்சான் பாதிக்குக் கொஞ்சம் மேலே கேட்டார். முதலாளி சிரித்தார். மச்சான் எழுந்து, "அப்ப வாரோம் அண்ணாச்சி" என்று கும்பிட்டுவிட்டு வெளியே நடந்தார். நேரே எதிர்த்தாற்போல் இருந்த டீக்கடைக்குப் போய், கம்பெனி வாசலிலிருந்து நன்றாகத் தெரிகிற பெஞ்சாகப் பார்த்து உட்கார்ந்து வடை சொன்னார். வடை பாதி தின்னுமுன் கணக்கப்பிள்ளை சைக்கிளில் வந்து, "மொதலாளி கூப்பிடுறாக" என்றார். எங்கள் பக்கத்தில் வியாபாரம் முடிகிற இடம் அந்த டீக்கடைதான். எழுந்து போகிறவரைக் கூப்பிடாமல் விட்டால் விற்கிறவருக்குத்தான் மரியாதைக் குறைவு. இது இரண்டு பக்கமும் தெரிந்த விளையாட்டு, யாரும் யாரையும் ஏமாற்றுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை, புதன்கிழமைக்கு முன் எங்களுக்கு இருந்த கடைசி விடுமுறை நாள், பக்கத்துக் கிராமத்தில் ஹெர் வெபர் வீட்டுக்குப் போனோம். ஹெர் என்றால் இங்கே திரு. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். ஆறு வயதான கறுப்புப் பென்ஸ், ஓடியது முப்பத்தெட்டாயிரம் மட்டும். விலை பதினேழாயிரம். விளம்பரத்திலேயே 'ஃபெஸ்ட்பிரைஸ்' என்று போட்டிருந்தார், அதாவது ஒரே விலை. 'எங்களிடம் ஒரே விலை' என்ற பலகைக்குக் கீழேயே நின்று பேரம் பேசி வளர்ந்தவர் மச்சான். அந்தச் சொல்லை அவர் பொருட்படுத்தவில்லை.

மச்சான் வண்டியைச் சுற்றி வந்தார், குனிந்தார், கதவைத் திறந்து பெடலைத் தடவினார். "பெடல் ரப்பர் புதுசா இருக்கு மாப்ளே. மீட்டரத் திருப்புறவன் மொதல்ல மாத்துறது இதத்தான்." வெபர் தாமாகவே, காலமான தம் மனைவியின் செருப்பு வழுக்கியதால் ரப்பரை மாற்றியதாகச் சொல்லி, அதற்கான ரசீதை எடுத்துக் காட்டினார். ரசீது இருந்த கோப்பு என் கையகலத் தடிமன். எண்ணெய் மாற்றியது, கண்ணாடி துடைப்பான் மாற்றியது, எல்லாவற்றுக்கும் ரசீது. மச்சான் என் காதருகே வந்து, இம்புட்டு பில் வைத்திருக்கிறார் என்றால் வண்டி அம்புட்டுத் தடவை கெட்டுப்போயிருக்கிறது என்றார். வெபர் ஆவலாக என்னைப் பார்த்தார். உங்கள் ஒழுங்கைக் கண்டு என் மைத்துனர் வியக்கிறார் என்று மொழிபெயர்த்தேன். அவர் மகிழ்ந்துபோய், எங்களை வீட்டுக்குள் உட்காரவைத்து, இன்னொரு ரசீதுக் கோப்பும் எடுத்து வந்தார்.

மச்சான் பதின்மூன்றாயிரம் கேட்கச் சொன்னார். கேட்டேன். வெபர் கோபப்படவில்லை. எனக்கு ஜெர்மன் எண்கள் சரியாக வரவில்லை என்று நினைத்து, ஒரு துண்டுத் தாளில் பதினேழு என்று பெரிதாக எழுதி, எழுத்துக்கூட்டி உச்சரித்துக் காட்டினார். ஆசிரியர் அல்லவா. நானும் அவர் பின்னால் ஒருமுறை சொன்னேன். மச்சான் எழுந்தார். "எந்திரிங்க மாப்ளே, போவோம்." வேறு வழியில்லாமல் நானும் எழுந்தேன். வெபர் "ஷாடே" என்றார், வருத்தம்தான் என்று அர்த்தம். இரண்டு பேருக்கும் கை கொடுத்தார், நல்லபடியாக ஊர் போய்ச் சேரச் சொன்னார், வீட்டுச் சூடு வெளியே போய்விடாமல் கதவைச் சாத்திக்கொண்டார்.

வெளியே டீக்கடை இல்லை. எதிரே பனி மூடிய வயல், அதன் ஓரத்தில் ஒரு மஞ்சள் தபால் பெட்டி. மச்சான் அதன் பக்கத்தில் போய், அதில் எழுதியிருந்ததைப் படிப்பதுபோல நின்றார். என் பழைய கோட்டும் குரங்குக் குல்லாயுமாக, தெரியாத மொழியை அத்தனை கவனமாகப் படித்த மனிதரை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. திரும்பிப் பார்த்தால் விலை ஏறிவிடும் என்று என்னையும் எச்சரித்தார். கால்மணி நேரம் போயிற்று. கதவு திறக்கவில்லை. இவர்கள் ஊரில் கூப்பிட மாட்டார்கள் மச்சான் என்றேன். கூப்பிடாமல் எப்படி விற்பார்கள் என்று கேட்டார். உண்மையாகவே கேட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. கார் கிடைக்கவே கூடாது என்பதுதான் இந்த மனிதரின் எண்ணம், தங்கையைக் கூட்டிக்கொண்டு போகத்தான் எல்லாவற்றிலும் குறை கண்டுபிடிக்கிறார் என்றுகூடத் தோன்றிவிட்டது. பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தேன். அவரும் பின்னால் வந்தார்.

பாதி வழியில் பின்னால் ஹாரன் சத்தம். கறுப்புப் பென்ஸ். "பாத்தீகளா மாப்ளே" என்றார் மச்சான், அப்போதும் திரும்பாமல். வெபர் கண்ணாடியை இறக்கினார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் இங்கே பஸ் கிடையாது, ஏறுங்கள், ரயிலடியில் விடுகிறேன் என்றார். விலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் முன்னால் ஏறினேன், மச்சான் பின்னால். இருக்கை மெல்லச் சுட்டது, சூடாக எதையோ கொட்டிவிட்டேனோ என்று எனக்குப் பயம். இருக்கைக்கே சூடு உண்டு என்று வெபர் ஒரு பித்தானைக் காட்டினார். துணிந்து வாரண்டியைக் கேட்டேன். தனி ஆளாக விற்கிறவன், வாரண்டி எல்லாம் தர முடியாது என்றார். பிறகு சாலையைப் பார்த்தபடியே, ஏதாவது ஆனால் நான் இங்கேதான் இருக்கிறேன், கதவைத் தட்டுங்கள் என்றார்.

இதை மச்சானுக்குச் சொன்னேன். பின்னாலிருந்து பெருமூச்சு வந்தது.

"இத மொதல்லயே சொல்லிருந்தா நா எதுக்கு அந்தப் பெட்டியப் படிச்சிட்டு நிக்கப் போறேன்? முடிச்சிருங்க மாப்ளே. அவுக வண்டியில ஓசியில ஏறிட்டு அவுககிட்டயே வெலையக் கொறைக்கச் சொல்ல எனக்கு வாய் வராது."

ரயிலடியில் மச்சான் தம் பையிலிருந்து ஐந்நூறு யூரோவும் அதன்மேல் ஒரு யூரோ நாணயமும் வைத்து முன்பணமாகக் கொடுத்தார். வெபர் எண்ணிப் பார்த்து நாணயத்தைத் திருப்பித் தந்தார். மச்சான் வாங்கவில்லை, சுழியில் முடியக் கூடாது என்று விளக்கச் சொன்னார். விளக்கினேன். அதில் வெபருக்கு எதுவும் விளங்கவில்லை. கணக்கில் ஒரு யூரோ அதிகம் என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். கடைசியில், அப்படியானால் இது எனக்கும் வேண்டாம் உங்களுக்கும் வேண்டாம், வண்டிக்கே இருக்கட்டும் என்று சாம்பல் தட்டில் போட்டு மூடினார். மச்சானுக்கு அந்த மனிதரை மிகவும் பிடித்துப்போயிற்று.

மறுநாள் வண்டி வீட்டு வாசலுக்கு வந்தது. மச்சான் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். மகேஸ்வரி முன் இருக்கையில் உட்கார்ந்து, சூடு ஏறுவதைக் கண்டு சிரித்தாள். ஊருக்கு போன் போட்டுப் பென்ஸ் என்று சொன்னார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. பிள்ளையின் முதல் அழுகையை வாங்கிவிட்டதாகவே நினைத்தேன். அப்போதுதான் அவள் இறங்காமலே, தானும் புதன்கிழமை அண்ணனோடு போவதாகச் சொன்னாள். மச்சானே பதறிப்போனார். காரு வாங்கியாச்சே தாயி, இங்கனயே இரு என்று எனக்காக வாதாடினார்.

"காரு ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வரும்ண்ணே" என்றாள். "அதுக்கு மேல? இவுக காலைல வேலைக்குப் போனா, பச்சப்பிள்ளைய வச்சுக்கிட்டு நா யார் மூஞ்சியப் பாத்துட்டு உக்காந்திருக்க? எனக்கு அம்மா வேணும்ண்ணே."

நான் மைலேஜ் பார்த்தேன், விலை பார்த்தேன், வாரண்டி கேட்டேன். அவளை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. கோபப்படவும் முடியவில்லை, அவள் சொன்னதில் பிழை ஏதும் இல்லை. அந்த வண்டி எங்கள் வீட்டுக்காக ஓடிய முதல் நெடும்பயணம் விமான நிலையத்துக்குத்தான். மச்சான் பின்னால் உட்கார்ந்து, வண்டி சத்தமே போடவில்லை என்று வழி முழுக்கப் பாராட்டிக்கொண்டு வந்தார். வாசலில் இறங்கியதும் மகேஸ்வரி ஒரு பெரிய பையைத் தான் உட்கார்ந்திருந்த இருக்கையில் வைத்தாள். மச்சான் கொண்டுவந்த நல்லெண்ணெய் டின், சாத்தூர் காராச்சேவு, இடித்துவைத்த பொடிகள். மூணு மாசத்துக்கு வரும், பாத்துச் சாப்பிடுங்க என்றாள். அவள் கண்ணாடிக் கதவுக்குள் போகும்வரை நின்றேன். போகும்போது திரும்பிப் பார்த்தாள்.

தனியாக வந்து வண்டியை எடுத்தேன். நாலு அடி நகர்வதற்குள் அது கத்தத் தொடங்கியது. ஒரு சிவப்பு விளக்கு, பெல்ட் போடாத ஓர் ஆளின் உருவம். என் பெல்ட்டைப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. பிறகுதான் புரிந்தது, பக்கத்து இருக்கையில் இருந்த கனத்தை வண்டி ஆள் என்று எடுத்துக்கொண்டிருந்தது. பையைத் தூக்கிப் பின்னால் வைத்திருக்கலாம். மனம் வரவில்லை. ஓரமாக நிறுத்தி, எண்ணெய் டின்னையும் காராச்சேவையும் சேர்த்துப் பெல்ட்டை இழுத்து மாட்டினேன். கத்தல் நின்றது. அந்த இருக்கையின் சூட்டை அணைக்காமல் விட்டிருந்தாள், நானும் அணைக்கவில்லை. பக்கத்தில் ஓர் ஆள் இருப்பதாகவே நம்பிக்கொண்டு, வண்டி என்னைச் சத்தமில்லாமல் வீடு கொண்டுவந்து சேர்த்தது.