கொட்டாங்குச்சியின் விளிம்பு

என் ஓரகத்திக்கு முதலில் சாராயம் ஊற்றிக் கொடுத்தது எங்கள் மாமியார்தான். பிள்ளை பெற்ற உடம்பு, சன்னி கண்டுவிடக் கூடாது என்று. மருந்தாக ஆரம்பித்தது, எட்டு மாதத்தில் எழுந்ததும் வேண்டும் என்றாகிவிட்டது. கள்ளுக்கடைகளை மூடிய வருஷம், குடும்ப மானம் போகிறது என்று அவள் புருஷன் அவளை ராகி மூட்டை போடும் அறையில் தள்ளிப் பூட்டினார். அவர் மட்டும் ஈச்சங்கள்ளுப் பானையைச் சோளத்தட்டுப் போருக்குள் ஒளித்துவைத்துக் குடித்தார். ஆம்பிளைக்கு மானம் வேறு போலிருக்கிறது.

இரண்டாம் நாளே அவளுக்குக் கைகால் உதறியது. சுவரெல்லாம் பூரான் ஊர்கிறது என்று கத்தினாள். பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து வந்த வைத்தியர், "ஒரேயடியா நிறுத்துனா உசுரு போயிருங்க. கொஞ்சங் கொஞ்சமாக் கொறைங்க" என்றார். அந்த வேலை என் தலையில் விழுந்தது. அவள் சுத்தமாக விட்டால்தான் குழந்தை அவளிடம் போகும் என்று மாமியார் கறாராகச் சொல்லிவிட்டார். அதுவரை குழந்தையும் என்னிடம்தான்.

ஒரு கொட்டாங்குச்சியை அளவாக வைத்துக்கொண்டேன். அவள் புருஷன் போருக்குள் ஒளித்துவைத்த பானையிலிருந்தே காலையில் ஒன்று, பொழுது சாய ஒன்று, சன்னல் வழியாக நீட்டுவேன். சந்தை நாள்தோறும் அதன் விளிம்பைக் கிணற்றடிக் கல்லில் கொஞ்சம் தேய்த்துவிடுவேன். குறைகிறதே என்று அவள் கேட்டால், நிறையத்தானே ஊற்றினேன் என்று சொல்லலாம். நடுக்கம் நின்றது. களியும் தொண்டையில் இறங்கியது. "பாப்பா நடக்குதா, புள்ள?" என்று கேட்க ஆரம்பித்தாள்.

நடந்தது. என்னைப் பார்த்துத்தான் நடந்தது. கல்யாணமாகி ஏழு வருஷம், என் வயிற்றில் ஒரு புழு பூச்சி தங்கவில்லை. என்னை "ம்மா" என்று முதலில் கூப்பிட்டது அந்த வாய்தான். அந்த வாரம் கொட்டாங்குச்சியை நான் தேய்க்கவில்லை. மறந்துவிட்டது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அடுத்த சந்தைக்கும் மறந்தது. மூன்றாவது சந்தைக்கு மறக்கவில்லை, வேண்டுமென்றே விட்டேன். பாவி என்று என்னையே திட்டிக்கொண்டு குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டேன். பூட்டு அவளுக்குத்தான். ஆனால் அந்தக் கதவை விட்டு எனக்கும் நகர வழியில்லாமல் போயிற்று.

மறுநாள் காலை கொட்டாங்குச்சியை வாங்கியவள் உடனே குடிக்கவில்லை. விளிம்பைக் கட்டைவிரலால் சுற்றித் தடவினாள்.

"மூணு சந்தையா ஒரே அளவா இருக்குதே, புள்ள."

நான் தேய்ப்பது அவளுக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது.

"மறந்துட்டனுங்க, அக்கா" என்றேன்.

என் இடுப்பில் குழந்தை தாலிக்கயிற்றைச் சப்பிக்கொண்டிருந்தது. அவள் அதையே பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கள்ளைக் குடித்தாள். காலிக் கொட்டாங்குச்சியை மட்டும் திருப்பித் தரவில்லை. சன்னலை விட்டு நகர்ந்தாள். கொஞ்ச நேரத்தில், உள்ளே கருங்கல் சுவரில் அவள் அதைத் தேய்க்கும் சத்தம் கேட்டது.