குடிக்காதவர் செய்த சத்தியம்

சிவகாசிப் பக்கம் விஸ்வநத்தத்தில் இறங்கி மணிமுத்து வீடு எது என்று கேட்டால், "தள்ளாடிட்டு வருவாரே, அவரா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் வழி சொல்வார்கள். நாற்பத்தெட்டு வயது. ஒல்லியான உடம்பு. பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறையில் வேலை. காலை ஆறு மணிக்கு உள்ளே போனால், வெயில் ஏறுவதற்குள், பத்து மணிக்கெல்லாம் கலவையை முடித்துவிட வேண்டும். பருத்திச் சட்டை, வெறுங்கால், உடம்பில் தேங்கிய மின்சாரம் இறங்க வாசலில் பதித்த செம்புத் தகட்டை ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைவார்கள். மணிமுத்து அந்த அறையில் ஒரு நாளும் அவசரப்பட்டதில்லை. அவர் கலந்த மருந்தில் இதுவரை ஒரு பொறி கிளம்பியதில்லை.

அவர் குடித்ததும் இல்லை. ஆனால் சில நாள் மதியம் வேலை முடிந்து வரும்போது கால் பின்னும். ரோட்டோரம் வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுப்பார். வீட்டுக்கு வந்து படுத்தால் கையைத் தூக்க முடியாது. பார்த்தவர்கள் தாங்களே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். அந்த முடிவுக்கு வயது பத்துக்கு மேல்.

நான் அவரைச் சந்தித்தது ஓர் ஆய்வுக்காக. காரியாபட்டிப் பக்கம் ஒரு கிராமம் எனக்கு. எங்கள் வீட்டில் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள் நான்தான், வேதியியலில் எம்.எஸ்ஸி. மதுரையில் குடல், கல்லீரல் நோய் நிபுணர் டாக்டர் ஞானபூரணி நடத்திய ஆய்வில் திட்ட உதவியாளராக இருந்தேன். பட்டாசுத் தொழிலாளர்களில் குடிப்பழக்கமே இல்லாதவர்களுக்கும் கல்லீரலில் கொழுப்பு, ஓயாத வயிற்றுக் கோளாறு, சர்க்கரை எல்லாம் ஏன் வருகிறது என்பதுதான் கேள்வி. ஊராட்சி அலுவலகத்தில் மேசை போட்டுப் பெயர் எழுதினோம்.

"குடிக்காதவங்களுக்கு மட்டும் ஒரு லிஸ்டா?" என்றார் மணிமுத்து. "அப்ப என் பேரை எழுதுங்க தம்பி. எழுதி உங்க சீலும் வச்சிருங்க."

கூடவே வந்திருந்த இருளாண்டி சிரித்தார். அவரும் அதே கலவை அறைக்காரர். "ஏலே, உன்னைய அந்த லிஸ்டுல சேத்தா ஆராய்ச்சியே பொய்யாப் போகும்லே."

"நீயே அப்படிச் சொன்னா ஊரு என்ன சொல்லாது?" என்றார் மணிமுத்து. குரலில் சிரிப்பு இல்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "என் மகளுக்கு இடம் பாத்துக்கிட்டு இருக்கோம் தம்பி. ரெண்டு இடம் இந்தப் பேச்சுலயே போச்சு. இது குடியால வந்த சீக்கு இல்லன்னு பெரிய டாக்டர் ஒரு தாள்ல எழுதிக் குடுத்தாப் போதும். மருந்து மாத்திரை எதுவும் வேணாம்" என்றார்.

நான் சரி என்றேன். அவ்வளவு லேசாகச் சொல்லியிருக்கக் கூடாது.

ஒரு நாள் முழுக்கப் போகும் சிறுநீரைச் சேர்த்துத் தர ஆளுக்கு ஒரு ஐந்து லிட்டர் கேன் கொடுத்தோம். அதைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்துத் தெருவே சிரித்தது. "இதுக்கும் லோடு ஏத்த வண்டி வருதாம்லே!" கேனோடு ஒரு தாளும் கொடுத்தேன். ரத்தம் எடுப்பதற்கு முந்தைய இரவுச் சாப்பாட்டுக்குப் பின் எதுவும் சாப்பிடக் கூடாது என்பது மட்டுமே டாக்டர் சொன்ன விதி. அதற்கு மேலே இன்னொரு வரி சேர்த்தது நான்: மூன்று நாட்களுக்கு இனிப்பும் பழமும் தவிர்க்கவும். சர்க்கரை அளவு சுத்தமாக வரட்டும் என்று எனக்கு ஒரு அக்கறை. தாளைத் தட்டச்சு செய்தபோது அந்த வரியை நினைத்துக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கலவை அறைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு என்பது அப்போது எனக்குத் தெரியாது. பத்து மணிக்கு வேலை முடிந்து குழாயடியில் உடம்பைக் கழுவியதும், வாசலில் உள்ள பெட்டிக்கடையில் ஆளுக்கு நாலு வாழைப்பழம் தின்பார்கள். சோறு இல்லாமல்கூட வீட்டுக்குப் போவார்கள், பழம் தின்னாமல் போகமாட்டார்கள். உள்ளே போன தூசியை அது கழுவிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. மற்றவர்கள் என் தாளை வாங்கி மடித்து வைத்துவிட்டு வழக்கம்போலப் பழம் தின்றார்கள். மணிமுத்து ஒருவர்தான் எழுத்துக்கு எழுத்து கேட்டார். டாக்டர் தரும் தாளில் அவர் பெயர் சுத்தமாக வர வேண்டுமே.

ரத்தம் எடுத்தது ஞாயிற்றுக்கிழமை காலை. அன்று மதியம்தான் அவர் மகள் பிரீத்திகாவுக்குப் பூ வைக்க மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. "நீங்களும் இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க தம்பி" என்று சொல்லியிருந்ததால் இருந்தேன். மாப்பிள்ளை சூர்யபிரகாஷின் அப்பா அய்யப்பன் நாரணாபுரத்துக்காரர். சிவகாசியில் அச்சகம் ஒன்றில் பெரிய மிஷின் ஓட்டுகிறவர், நல்ல பேச்சுக்காரர்.

தட்டு மாற்ற எழுந்தபோது மணிமுத்துவின் முழங்கால் மடிந்தது. வெற்றிலையும் பூவும் தேங்காயும் அய்யப்பன் மடியில் கொட்டின. எழுந்திருக்கப் பார்த்தார், கை ஊன்றவில்லை. அப்படியே ஒருக்களித்து வாந்தி எடுத்தார்.

"பகல்லயேவா?" என்றார் அய்யப்பன், வேட்டியை உதறிக்கொண்டே. "பூ வைக்கிற அன்னைக்காவது சும்மா இருக்கக் கூடாதா?"

"அவுக குடிக்க மாட்டாக அண்ணாச்சி," என்றாள் மனைவி கற்பகவல்லி. "சத்தியமா குடிக்க மாட்டாக."

"நாங்க ஒண்ணும் சொல்லலை தாயி. யோசிச்சுச் சொல்றோம்."

அவர்கள் வந்த இரண்டு வேன்களும் கிளம்பிப் போயின. ஆக்கிய சோறு அப்படியே இருந்தது. பிரீத்திகா அழவில்லை. கொட்டிய பூவை முறத்தில் அள்ளினாள், அப்பாவைப் பார்க்காமல்.

செவ்வாய்க்கிழமை ரத்த முடிவு வந்தது. பொட்டாசியம் 2.4. மூன்றரைக்குக் கீழே போனாலே கவலைப்பட வேண்டும். இரண்டு வாரம் கழித்துச் சிறுநீரில் உலோகங்களின் அளவு வந்தது. மற்ற கலவை அறைக்காரர்களிடம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்த பேரியம் அவரிடம் ஏணி வைத்ததுபோல் ஏறியிருந்தது. இங்கே அதற்குப் பச்சை உப்பு என்று பெயர். வானத்தில் பச்சை நிறம் வேண்டுமென்றால் அது வேண்டும். பட்டாசில் அதற்குத் தடை வந்து வருடக்கணக்காகிறது.

பேரியம் உடம்புக்குள் போனால் ரத்தத்தில் இருக்கும் பொட்டாசியம் செல்லுக்குள் ஒளிந்துகொள்ளும். தசை சொன்ன பேச்சைக் கேட்காது, குடல் புரட்டும். வாழைப்பழத்தில் இருப்பதும் பொட்டாசியம்தான். தினமும் நாலு பழம் அவரை எவ்வளவு தாங்கியது, மூன்று நாள் நிறுத்தியது எவ்வளவு தள்ளியது என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது என்றார் டாக்டர் ஞானபூரணி. "ஆனா அந்த வரியை நீ யாரைக் கேட்டுச் சேர்த்தே?" என்று மட்டும் கேட்டார்.

டாக்டரிடம் மன்றாடி ஒரு கடிதம் வாங்கினேன். நோயாளியின் தசைத் தளர்ச்சிக்கும் வாந்திக்கும் காரணம் பேரியம் நஞ்சு. குடிப்பழக்கத்துக்கான அடையாளம் ரத்தத்திலோ கல்லீரலிலோ இல்லை. கையெழுத்து, முத்திரை எல்லாம் இருந்தது. அவர் கேட்ட தாள்.

மணிமுத்து இரண்டு தடவை படிக்கச் சொன்னார்.

"பேரியம்னா நம்ம பச்சை உப்புதானே?"

"ஆமாண்ணே."

"அது உள்ள வர்றதே வெளிய தெரியக் கூடாது தம்பி. அய்யப்பன் அண்ணாச்சி கையில இதைக் குடுத்தா நாளைக்குச் சிவகாசி பூராம் படிச்சிரும். ஆலைக்குச் சீல் வைப்பாக. இந்தத் தெருவுல மட்டும் எம்புட்டுப் பேரு அங்க வேலை பாக்காக தெரியுமா? அறுபது வீடு." கற்பகவல்லியைப் பார்த்தார். "இவ அண்ணன், தம்பி, இருளாண்டி, எல்லாரும் அங்கனதான்."

"உப்புப் பேரு இல்லாம எழுதி வாங்கிட்டு வாங்களேன் தம்பி," என்றாள் கற்பகவல்லி.

அதையும் செய்தேன். பொட்டாசியம் குறைவால் தளர்ச்சி என்று மட்டும் இரண்டாவது கடிதம். நானே நாரணாபுரத்துக்குக் கொண்டுபோனேன். அய்யப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். போனில் யாரிடமோ பேசினார். அவருடைய அக்கா மகள் நர்ஸாம்.

"தம்பி, நீங்க படிச்ச புள்ள. உண்மையைச் சொல்லுங்க. குடிக்கிறவனுக்கும் இந்தப் பொட்டாசியம் குறையுமாம்ல?"

குறையும். வேதியியல் படித்தவனால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. "குறையும்" என்றேன். "ஆனா இவருக்கு..."

"இவருக்கு எதனால?"

அறுபது வீடும் என் கண்முன் வந்தன. அய்யப்பன் கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். "பையனுக்குப் பொண்ணைப் பிடிச்சிருக்கு. வேற வழி இருக்கு. காளியம்மன் கோயில்ல அந்த மனுசன் சூடம் அணைச்சு, இனிமே குடிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணட்டும். நாலு பேரு முன்னாடி. மறுநாளே தேதி குறிச்சிரலாம்" என்றார்.

இதை விஸ்வநத்தத்தில் போய் அப்படியே சொன்னேன். மணிமுத்து கேட்டது ஒன்றுதான்.

"இதுவரைக்கும் குடிச்சதில்லைன்னு சத்தியம் பண்றேன்னு கேட்டுப் பாத்தீகளா?"

"கேட்டேண்ணே. அதை யாரு நம்புவாங்கன்னார்."

"அதுவும் சரிதான்." பிறகு சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். "இனிமே குடிக்க மாட்டேன்னுதானே சொல்லணும்? அது பொய்ச் சத்தியம் இல்லையே தம்பி. நான் எங்க குடிக்கப் போறேன்?"

"அப்பா, வேணாம்," என்றாள் பிரீத்திகா உள்ளிருந்து.

"நீ சும்மா இரு தாயி."

வெள்ளிக்கிழமை காலை கோயிலுக்கு நாரணாபுரத்துக்காரர்களும் எங்கள் தெருக்காரர்களும் வந்தார்கள். எங்கள் தெரு என்று எழுதுகிறேன், அதற்குள் அது எனக்கும் தெருவாகிவிட்டது. தட்டில் சூடம் எரிந்தது. மணிமுத்து தீயை இவ்வளவு பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பல வருடம் இருக்கும். உள்ளங்கையை வைத்து அணைத்தார். "இனிமே குடிக்க மாட்டேன் ஆத்தா" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. இருளாண்டி தலையைக் குனிந்துகொண்டார். பச்சை உப்பைக் கூடவே கலக்கிறவர், அவருக்கு எல்லாம் தெரியும்.

கோயிலிலிருந்து திரும்பும்போது நான் கெஞ்சினேன். கலவை அறையை விட்டுவிடுங்கள், பேக்கிங்குக்கு மாறிக்கொள்ளுங்கள், இனிமேல் தடுக்கி விழுந்தால்கூடச் சாமி குத்தம் என்பார்கள்.

"தீவாளி ஆர்டர் தலைக்கு மேல நிக்கி. என் இடத்துக்கு ஒரு சின்னப் பயலைத்தான் விடுவாக. அவனுக்குக் கை அவசரம். ஒரு பொறி போதும் தம்பி, நாலு பேரு காலி. சீசன் முடியட்டும்."

டாக்டர் பொட்டாசியம் மருந்து எழுதிக் கொடுத்து, உப்பைத் தொடுகிறவரை இது பாதிதான் கேட்கும் என்றும் சொல்லி அனுப்பினார். ஆய்வு முடிவில் பேரியம் அளவுகள் எண்களாக மட்டும் அச்சாகும். ஊர் பெயரும் ஆலை பெயரும் இராது. அந்தக் கட்டுரையில் என் பெயரும் இருக்கும். வீட்டில் அதைக் காட்டி மகிழ வேண்டும் என்று ஆசைப்பட்ட நாட்கள் உண்டு.

ஆவணியில் நாரணாபுரத்தில் கல்யாணம். முந்தின நாள் வரை மணிமுத்து கலவை அறையில்தான் இருந்தார். மண்டபத்தில் காலையிலிருந்து ஒரு நாற்காலியை விட்டு எழவில்லை. உட்கார்ந்திருப்பவரை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று கணக்குப் போட்டிருந்தார் போல. வந்தவர்களை அங்கிருந்தே கும்பிட்டார். "வாங்க, சாப்பிட்டீகளா? சாப்பிட்டுத்தான் போகணும்."

தாரை வார்க்க எழுந்தாக வேண்டியிருந்தது. கற்பகவல்லி தோளை ஒட்டி நின்றாள். செம்பு கையில் நிற்கவில்லை. தண்ணீர் மகள் கையில் விழாமல் புடவையில் கொட்டியது. எனக்குப் பின்வரிசையில் ஒருவர் பக்கத்துக்காரரிடம் சொன்னார்: "சூடம் அணைச்சும் விடலை பாத்தியா?" மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் அய்யப்பன் திரும்பிப் பார்த்தார்.

தாலி கட்டி முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் காலில் விழுந்தார்கள். மணிமுத்து குனிந்து மகளைத் தூக்கினார். எழுந்தவள் அப்பாவின் முகத்தருகே ஒரு கணம் நின்று மூச்சை உள்ளே இழுத்தாள். வாடை பார்க்கிறாள் என்று எனக்கே புரிந்தது.

மணிமுத்துவுக்கும் புரிந்தது. கோபப்படவில்லை. மகள் தலையில் கையை வைத்தபடி, வாயைத் திறந்து, அவளுக்காக ஒருமுறை ஊதிக் காட்டினார்.